மேடத்தோட வூட்டுக்காரர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் வரிசை கட்டி நிற்கிற அத்தனை கம்பெனிகளையும் சலித்துப் பார்த்தாலும், எந்தக் கம்பெனியிலும் வேலையில் இல்லாமல், மூன்று ஷிப்டுக்காரர்களையும் விட அதிகமாக உழைத்த மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவருக்குச் சீருடை கிடையாது, கழுத்தில் தொங்கும் அட்டை கிடையாது, கம்பெனி பஸ்ஸில் இடம் கிடையாது. மண்ணூரில் அவரைத் தெரியாதவர் இல்லை, பெயர் தெரிந்தவரும் இல்லை. வூட்டுக்காரர் என்று கேட்டால் போதும், பால் பாக்கெட் போடுகிறவர் கூட வண்டியை நிறுத்திக் கை காட்டுவார்.

நான் பென்னலூர்க்காரன். டிப்ளமோ முடித்துவிட்டு, மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படித்து, வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்கிற ஒரு ஜப்பான் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைவியாக ஜப்பானிலிருந்து ஒரு மேடம் வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு பெட்டியையும் ஒரு துணித் தொப்பியையும் பிடித்துக்கொண்டு அவருடைய கணவர் இறங்கினார். மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தொழிற்சாலையை நான் பார்த்துக்கொள்வேன். இவரைக் கொஞ்சம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அத்தனை எழுத்துகளை மண்டையில் ஏற்றியது ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆம்பிளைக்கு வழி காட்டவா என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான்.

முதல் நாள் அவரை மண்ணூர் டீக்கடைக்கு அழைத்துப் போனேன். டீ மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு தம்பி இவரு, புது ஜி.எம்மா?"

"இல்லண்ணே. புதுசா வந்த மேடத்தோட வூட்டுக்காரரு."

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார். கணவன் என்றேன். பிரித்துச் சொல் என்றார். வூடு என்றால் வீடு, காரர் என்றால் ஆள் என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "எங்கள் மொழியில் மனைவியைத்தான் 'வீட்டுக்குள்ளே' என்று சொல்வோம். இங்கே கணவனையா? என்ன ஒரு நாகரிகமான ஊர்!" என்றார். அதோடு அவர் வீட்டில் உட்கார்ந்தே வேலை செய்கிறவர். ஆகவே இதைவிடப் பொருத்தமான பட்டம் உலகத்தில் இல்லை என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து எதிரில் வருகிற எல்லோருக்கும் இடுப்பு வரை குனிந்து, "வணக்கம், நான் வூட்டுக்காரர்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தெற்கேயிருந்து வந்து இறங்குகிற பிள்ளைகள் வாடகை அறைக்கு நாயாய் அலைகிற இந்தப் பக்கத்தில், ஒரு மனிதர் தெருவில் நின்று நான் வீட்டுக்காரர் என்று வலியப் போய்ச் சொன்னால் என்ன ஆகும்?

"அண்ணே, ரூம் காலியா இருக்கா? நாங்க நாலு பேரு. எல்லாரும் ஷிப்டுக்குப் போறவங்க, சத்தமே வராது."

"ஹை, ஹை" என்பார் இவர். ஜப்பானில் ஹை என்றால் ஆமாம் என்றும் அர்த்தம், காதில் விழுகிறது என்றும் அர்த்தம். இவர் சொன்னது இரண்டாவது. அவர்கள் எடுத்துக்கொண்டது முதலாவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடம் கதவைத் திறந்தால், வாசலில் நான்கு இளைஞர்கள் சுருட்டிய பாய், பிளாஸ்டிக் வாளி, இண்டக்ஷன் அடுப்பு சகிதம் நிற்கிறார்கள். மேடம் உள்ளே திரும்பி, "இவர்கள் யார்?" என்று கேட்டார். "தெரியவில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பையன் வாளியை முழங்காலால் தாங்கிக்கொண்டு நிற்பதைப் பார், எவ்வளவு அழகு!" என்று சொல்லிவிட்டு இவர் பென்சில் எடுக்கப் போய்விட்டார். நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது நால்வரும் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். வாடகை ஒப்பந்தத்துக்குப் படம் வரைகிறார் என்று நினைத்தார்களாம்.

அவர் செய்த வேலை என்னவென்று முதலில் கேட்டது எங்கள் கம்பெனி செக்யூரிட்டி டேவிட் அண்ணன்தான். மண்ணூர்க்காரர். மேடம் குடியிருந்த வீட்டுக்கு இரண்டாவது வீடு அவருடையது. வூட்டுக்காரர் அவரை டேவிட்-சான் என்று மரியாதையாகக் கூப்பிட, "டேவிட்சன்! தொரை பேரு மாதிரி கீதுப்பா" என்று அண்ணன் பூரித்துப் போயிருந்தார்.

"தம்பி, இவரு இன்னாதான் பண்றாரு? பகல்ல ரோட்ல நின்னுகினு போறவன் வரவன் காலையே பாக்கறாரு."

"டிவில பொம்மைப் படம் வருதுல்லண்ணே, அதுக்கு வரையறவரு. இங்கேருந்தே வரைஞ்சு ஜப்பானுக்கு அனுப்பறாரு."

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல தட்டுனா தானா வந்துடாது?"

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். வூட்டுக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. டேவிட் அண்ணனுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதை ஒருவர் வரைவார். எழுந்து நிற்பதையும் அவரே வரைவார். நடுவில் நீங்கள் எப்படி எழுந்தீர்கள், எந்தக் கையை ஊன்றினீர்கள், முட்டி வலித்ததா, இதையெல்லாம் வரைய வேறு ஓர் ஆள் வேண்டும். நான் அந்த நடு ஆளாகத்தான் வேலைக்குச் சேர்ந்தேன்" என்றார். கல்லூரிப் பரீட்சையில் தோற்று, நூடுல்ஸ் கடை மாடியில் இருந்த ஒரு சின்ன ஸ்டுடியோவில் சேர்ந்தாராம். டிவிக்குப் படம் என்றால் நேரமும் குறைவு, பணமும் குறைவு. அதனால் ஆட்கள் சிலை மாதிரி நிற்பார்கள், வாய் மட்டும் அசையும். முதல் சில வருடங்கள் இவர் வாய் மட்டுமே வரைந்திருக்கிறார்.

"நம்ம சூப்பர்வைசரும் அதே கேசுதான்" என்றார் டேவிட் அண்ணன். "வாய் மட்டுந்தான் அசையும்."

அதற்கப்புறம் இவருக்கு மழை கொடுத்தார்கள். பிறகு கூட்டம் கொடுத்தார்கள். கதாநாயகன் வானத்தில் பறப்பான், அவனை வேறு யாராவது வரைவார்கள். கீழே கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிற கறிகாய்க்காரர் இவருடையவர். கதாநாயகி அழுவாள், அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு ஓடுகிறவர் இவருடையவர். முப்பது வருடமாக இவர் வரைந்த எதையும் யாரும் கவனித்ததில்லை என்று மிகுந்த பெருமையோடு சொன்னார். கவனித்தால் தப்பாக வரைந்திருக்கிறோம் என்று அர்த்தமாம்.

அப்படி ஒரு தடவை கவனித்தவர்தான் மேடம். ஒரு காட்சியில் காபிக் கோப்பையின் பிடி இடது பக்கம் இருந்து, அடுத்த காட்சியில் வலது பக்கம் போய்விட்டது. அப்போதே தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்த மேடம் டிவி நிலையத்துக்குப் போன் போட்டுப் புகார் சொல்லிவிட்டார். தப்பு செய்தவர் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஸ்டுடியோவில் அனுப்பி வைத்தார்கள். கேட்கப் போனவர் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தார். குறை கண்டுபிடித்தே குடும்பமான ஜோடி உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவரோடு தெருவில் போவது பெரிய தலைவலி. யார் நடை பிடித்தாலும் பின்னாலேயே போய் அதே மாதிரி நடந்து பார்ப்பார். கேலி பண்ணுவதற்கு இல்லை, உடம்பில் ஏற்றிக்கொண்டால்தான் கை வரையுமாம். டேவிட் அண்ணன் ஒரு நாள் வியர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தார். "தம்பி, கேட்லேருந்து வூட்டுக்குப் போய்கினு கீறேன். எதுக்கோ திரும்பிப் பாக்கறேன். பின்னாடி நானே வந்துகினு கீறேன்!"

பிள்ளைப்பாக்கத்தில் இன்னும் மோசம். ஏரிக்கரைப் பக்கம் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, பென்சிலை நட்டுக்குத்தாகப் பிடித்து எதையோ அளந்திருக்கிறார். படம் வரைகிறவர்கள் எல்லோரும் அளவு பார்க்கிற விதம்தான் அது. ஆனால் அந்த ஊரில் ஓர் அயல்நாட்டுக்காரர் கையை நீட்டி அளந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"இன்னா சார், கம்பெனி எந்த சைடு வருது?"

"ஹை."

"ஏரி ஓரமா? நம்ம நெலமும் உள்ள வருதா பாரு சார்."

"ஹை, ஹை."

சாயங்காலத்துக்குள் மண்ணூர் வீட்டு வாசலில் மூன்று புரோக்கர்கள், பட்டா நகல், ஒரு கூடை ஆப்பிள். வரப்புத் தகராறில் பல வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். நான் எல்லோருக்கும் அவர் வரைந்ததை எடுத்துக் காட்டினேன். அவர் அளந்தது நிலத்தை இல்லை, அங்கே மேய்ந்த ஓர் எருமையை. பிறகு அந்தத் தம்பிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எருமை நம்ளுதுதான். அதுக்கு இன்னா ரேட்டு குடுப்பாரு?" என்று கேட்டார்.

இப்படிச் சிரிப்பும் கூத்துமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் முகம் வாட ஆரம்பித்தது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒரு தொடரில் முக்கியமான பாத்திரத்தின் காட்சி ஒன்று அவருக்கு வந்திருந்தது. ஒரு தாய், வேலைக்காக ஊரை விட்டுப் போகிற பிள்ளையை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. பின்னாலிருந்து பார்க்கிறோம். முகம் தெரியாது, வசனம் இல்லை, பாட்டு இல்லை. அவர் வரைந்து அனுப்பியதை, அவருக்கு மகன் வயதிருக்கிற இயக்குநர் திருப்பி அனுப்பிவிட்டார். "நடை சரியாக இருக்கிறது. ஆனால் யாரையோ அனுப்பிவிட்டு வருகிற நடையாக இல்லை." இரண்டாவது முறையும் அதே பதில். மூன்றாவதும் சரியில்லை என்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம். அதற்குப் பிறகு இந்த மாதிரிக் காட்சி அவரைத் தேடி வராது.

"மறுபடியும் வாய் வரையப் போக வேண்டியதுதான்" என்றார் சாதாரணமாக. கையில் இருந்த பென்சிலை மட்டும் விடாமல் சீவிக்கொண்டே இருந்தார்.

சரி, நாமே நடந்து காட்டினால் ஆயிற்று என்று நான்தான் யோசனை சொன்னேன். ஊரே திரண்டு வந்தது. டேவிட் அண்ணன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, நடுவில் ஒரு முறை மின்கம்பத்தில் சாய்ந்துகொண்டார். டீ மாஸ்டர் நாலடி நடந்து, வானத்தைப் பார்த்துக் கையை விரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக நடந்தேன். செல்போனைத் தொலைத்தவன் நடை மாதிரி இருக்கிறது என்றார் வூட்டுக்காரர். எல்லோருக்கும் குனிந்து நன்றி சொன்னார், ஒரு கோடு கூட வரையவில்லை. அன்று மாலை மேடம் என்னிடம், "அவர் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டார்" என்றார். குறைகளை மட்டுமே பேசிப் பழகிய அந்த அம்மாளின் குரலில் முதல் முறையாக ஒரு பயத்தைக் கேட்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. கம்ப்யூட்டரில் வரைகிற அவருடைய பேனாவுக்குச் சார்ஜர் வாங்க ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தேன். திரும்பி வந்தால், வீட்டு வாசலுக்கு உள்ளே ஓர் இளம்பெண் பெரிய துணிப்பையின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். வூட்டுக்காரர் வெளிப்படியில் உட்கார்ந்து தலை நிமிராமல் வரைந்துகொண்டிருக்கிறார். கை பறக்கிறது.

"யாரும்மா நீ?"

"மாரிச்செல்வி சார். விளாத்திகுளம் பக்கம். இங்கன போன் கம்பெனியில வேல கெடச்சிருக்கு. கம்பெனி ஹாஸ்டல்ல இப்ப எடமில்ல, வெளிய ரூம் பாத்துக்கோங்கன்னுட்டாக. எங்கப்பாவும் நானும் காலையிலருந்து அலையுதோம். எதுத்த வீட்டுல வாடகைக்குன்னு போர்டு தொங்குச்சு."

எதிர் வீட்டுக்கு ஆள் குடிவந்து மாதங்கள் ஆகின்றன, போர்டை மட்டும் யாரும் கழற்றவில்லை.

"டீக்கடையில போயி வீட்டுக்காரர் யாருன்னு கேட்டாக எங்கப்பா. 'வூட்டுக்காரரா? அதோ தொப்பி போட்டுகினு நிக்கறாரே'ன்னு கையக் காட்டுனாக. இவருகிட்ட வந்து நீங்கதான் வீட்டுக்காரரான்னு கேட்டோம். ஆமா, நான் வூட்டுக்காரருன்னு எங்கப்பாவுக்குக் குனிஞ்சு கும்புடு போட்டாரு. ரூம் இருக்கான்னதுக்கு 'ஹை ஹை'ன்னாரு."

"ஜப்பான்காரரைப் பார்த்துக்கூட உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

"கம்பெனி ஊரு பாத்தீகளா சார், எல்லா நாட்டுக்காரவுகளும் வீடு கட்டி விட்டிருப்பாகன்னு நெனச்சோம். அட்வான்ஸ் குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாரு. அப்பத்தான் எனக்கு லேசா ஒரு மாதிரி இருந்துச்சு."

"இப்போ உங்கப்பா எங்கே?"

"போயிட்டாக. நாளைக்கு அவுகளுக்கு வேல இருக்கு. உள்ள போ, வாசல்ல நிக்காதன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டாக." அவள் பையின் வாரைப் பிடித்து முறுக்கினாள். "திரும்பிக்கூடப் பாக்கல சார்."

நான் வூட்டுக்காரரிடம் போய் நடந்ததை விளக்கினேன். அறையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, அந்த அப்பாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் வரைவதை நிறுத்தினார்.

"அவர் சொன்னது எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் கடைசியில் என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். நான் ஹை என்று சொல்லிவிட்டேன்."

"காதில் விழுகிறது என்கிற ஹை தானே?"

"முதலில் சொன்ன ஹை எல்லாம் அதுதான்" என்றார். "கடைசி ஹை அப்படி இல்லை."

மாரிச்செல்வியிடம் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "எம் பிள்ளைய உங்கள நம்பி விட்டுட்டுப் போறேன்யா" என்று சொன்னாராம்.

அப்புறம் என்ன, நேராக டேவிட் அண்ணன் வீட்டுக்குப் போனோம். மாடியில் ஓர் அறை இருந்தது. அதில் மீந்துபோன சிமெண்ட் மூட்டைகளும், உடைந்த கட்டிலும், மூன்று தேர்தலுக்கு முந்தைய பேனர்களும் குடியிருந்தன. "டேவிட்-சான், நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்று வூட்டுக்காரர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. டேவிட் அண்ணனுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. "ஏந்திருக்கச் சொல்லு தம்பி. அந்தாளு வூட்டுக்காரர்னு சொல்லிகினு திரியறாரு, கடைசில வூட்டுக்காரன் நானாப் பூட்டேன்" என்று சாவியைத் தூக்கிப் போட்டார். அவர் மனைவி அதற்குள் துடைப்பத்தை எடுத்துவிட்டார்.

மூட்டைகளை இறக்கி அறையைக் கழுவி முடித்த நேரத்தில் மேடம் வந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் கையில் டார்ச். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். கதவுக்குப் பின்னால் நின்று தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு எங்களை வெளியிலிருந்து தள்ளச் சொன்னார். கதவு திறந்துகொண்டது. "என்.ஜி." என்றார். எங்கள் கம்பெனியில் தேறாத சரக்குக்கு அதுதான் பெயர். டேவிட் அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்தார். இரண்டாவது முறை கதவு அசையவில்லை. மேடம் மாரிச்செல்வியைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அன்று மாலை வூட்டுக்காரர் தான் வரைந்ததை எனக்குக் காட்டினார். மகள் உள்ளே போகும் வரை அந்த அப்பா வேகமாக நடந்திருக்கிறார். டிரான்ஸ்பார்மர் மூலை வந்ததும் நின்றார். திரும்பினார். மூடியிருந்த கேட்டைப் பார்த்தார். திரும்பி வரப் போகிறவர் மாதிரி ஓரடி எடுத்து வைத்தார். பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றி, இல்லாத கல்லை உதறிவிட்டு, மறுபடி நடந்தார்.

"இதில் அதிசயம் அது இல்லை. தோளைப் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். காலையிலிருந்து மகளின் பையைத் தூக்கி அலைந்த தோள். பை இப்போது இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் சாய்ந்தேதான் போகிறார். விரல்கள் வாரைப் பிடித்த மாதிரியே மடங்கியிருக்கின்றன. அழுகை இல்லை, தள்ளாட்டம் இல்லை, துண்டை வாயில் பொத்தவில்லை. இந்த ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எத்தனை அப்பாக்கள் இப்படிப் போயிருப்பார்கள்! பைக்கில் ஹாரன் அடித்து அவர்களை ஒதுங்கச் சொல்லியதைத் தவிர நான் வேறு எதுவும் செய்ததில்லை.

அனுமதி கேட்காமல் ஒருவருடைய நடையை எடுத்துக்கொள்வது திருட்டு என்று வூட்டுக்காரர் அடம் பிடித்தார். அந்த அப்பாவுக்குப் போன் போட்டு, முதலில் அறை விவகாரத்தைச் சொல்லி, டேவிட் அண்ணனையும் பேச வைத்து, அவர் நிம்மதியான பிறகு விஷயத்துக்கு வந்தேன்.

"என் நடையில என்னய்யா இருக்கு?"

"அதை டிவில காட்டப் போறாங்களாம். உங்க சம்மதம் வேணுமாம்."

"நடையத்தான கேக்காக, காலையா கேக்காக? எடுத்துக்கிடச் சொல்லுங்க."

வூட்டுக்காரர் போனைப் பார்த்துக் குனிந்தார்.

பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வரைந்து, அழித்து, நடந்து பார்த்து, மறுபடி வரைந்தார். நடுநடுவே வெளியே வந்து, மேடத்தின் கைப்பையைத் தோளில் மாட்டிக் கூடத்தில் நடந்து, கழற்றிவிட்டு நடந்து பார்த்ததில், சமையலுக்கு வருகிற அம்மா பயந்து வேலையை விட்டு நிற்கப் பார்த்தார். ஒரு வழியாக அனுப்பினார். அதன் பிறகு பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில் அவரைவிட ஊர்தான் அதிகமாகத் தவித்தது. டீக்கடைக்குப் போனால், "இன்னா தம்பி, பாஸா பெயிலா?" என்பார்கள். டேவிட் அண்ணன் ஜெபத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார். எருமைக்காரர் வரைக்கும் விசாரித்தார்.

பதில் ஒரே வரிதான் வந்தது. தொழிற்சாலையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேடத்தின் போனுக்கு வூட்டுக்காரர் அதை அனுப்ப, மேடம் பேச்சைப் பாதியில் நிறுத்தி, போனை என் பக்கம் திருப்பினார். இயக்குநர் கேட்டிருந்தார்: "நீங்கள் யாரை அனுப்பிவிட்டு வந்தீர்கள்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த உற்பத்திப் பிரிவு மேலாளர் தன் கணக்கில் பெரிய தப்பு வந்துவிட்டது என்று நினைத்து வெளுத்துப் போனார்.

அந்தப் பகுதி ஒளிபரப்பான பிறகு டேவிட் அண்ணன் வீட்டுக் கூடத்தில் என் லேப்டாப்பை வைத்து எல்லோரும் பார்த்தோம். மாரிச்செல்வி ஷிப்டு முடிந்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஜப்பானியக் கிராமம், பனி, ரயில், கம்பளிக் கோட்டுப் போட்ட அம்மாள். "இவ்ளோ குளுருல வேலைக்கு எதுக்கு அனுப்பணும்?" என்று டேவிட் அண்ணன் மனைவி அங்கலாய்த்தார். ரயில் போயிற்று. அந்த அம்மாள் திரும்பி நடந்தாள். மூலையில் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். ஓரடி வைத்தாள். குனிந்து செருப்பிலிருந்து எதையோ உதறினாள். பை இல்லாத தோளைச் சாய்த்துக்கொண்டு பனியில் போனாள்.

சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மாரிச்செல்வி திரைக்குக் கிட்டே நகர்ந்தாள். கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும்.

"சார், இது எங்கப்பால்லா" என்றாள்.

அவள் வூட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "எங்கப்பா திரும்பிப் பாத்தாகளா?"

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். தேவைப்படவில்லை.

"பாத்தார்" என்றார் வூட்டுக்காரர், தமிழில். "நெறைய நேரம் பாத்தார்."

அவள் அங்கேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "எப்பா, அன்னைக்கு மூலையில நின்னு திரும்பிப் பாத்தீகளாமே."

"யாரு சொன்னா? செருப்புக்குள்ள கல்லு கெடந்துச்சு. அதுக்கு நின்னேன்."

வூட்டுக்காரர் போனைப் பார்த்து, "கல் இல்ல" என்று தலையாட்டினார்.

"கல்லே இல்லன்னு வீட்டுக்காரர் சொல்லுதாரு."

அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. பிறகு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டேன் என்றாள். டேவிட் அண்ணன் சட்டென்று எழுந்து, எரியாத பல்பைச் சரி பார்க்கிற மாதிரி அண்ணாந்து நின்றுகொண்டார்.

போன வருடம் மேடத்துக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப மண்ணூரே விமான நிலையத்துக்குக் கிளம்பியது, ஒரு வேனுக்கு மேல் வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். உள்ளே போவதற்கு முன் வூட்டுக்காரர் என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று இரண்டு மொழியிலும் தயார் செய்து வைத்திருந்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊரில் மனிதர்கள் நடமாடுகிறார்கள் என்பதை எனக்குக் காட்டியதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் இரண்டு மொழியும் கைவிட்டுவிட்டன. "ஹை" என்றேன்.

அவர்கள் கண்ணாடிக் கதவைத் தாண்டி மறைந்தார்கள். மற்றவர்களை வேனில் ஏற்றிவிட்டு, பைக்கை நிறுத்தியிருந்த இடத்துக்குத் தனியாக நடந்தேன். அன்று நான் எப்படி நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. பார்த்துச் சொல்லக் கூடியவர் விமானத்தில் ஏறிவிட்டார்.